உறைந்த பொலிகுதிரை விந்தின் தரத்தை எப்படி எடைபோடுவது?

தமிழ்நாட்டில் மாடு வளர்ப்பவர்களுக்கு உறைவிந்து புதிதல்ல. உதகையிலும் ஈச்சங்கோட்டையிலும் தயாராகும் குச்சிகள் கிராமத்துக் கால்நடை மருந்தகம் வரை வந்து சேர்கின்றன. கால் மில்லி விந்து கொண்ட ஒரு குச்சியை வெதுவெதுப்பான நீரில் இளக்கிப் பசுவுக்குச் செலுத்திவிட்டால் போதும். அதற்குள் ஏறத்தாழ 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும், இளக்கிய பின் அவற்றில் பாதியாவது நீந்த வேண்டும் என்று மத்திய அரசின் குறைந்தபட்சத் தர விதி சொல்கிறது. பல பத்தாண்டு அனுபவம் அந்த விதியின் பின்னால் நிற்கிறது.

குதிரைக்கு இந்த எளிமை இல்லை. ஒரு பெட்டைக்குதிரைக்கு ஒரு தடவை செலுத்த அரை மில்லிக் குச்சிகள் நான்கோ எட்டோ தேவைப்படலாம். அணுக்களின் எண்ணிக்கை பல பத்துக் கோடி. இளக்கிய பின் மூன்றில் ஒரு பங்கு நீந்தினாலே ஏற்கத்தக்கது என்கிறார்கள். அதையெல்லாம் நிறைவு செய்த விந்துகூடச் சில வேளைகளில் சினை பிடிப்பதில்லை. தாளில் சுமாராகத் தெரிந்த விந்து நன்றாகப் பிடிக்கிறது. பெட்டைக்குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 11 மாதம். பருவம் ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே. ஒரு பருவம் தவறினால் வளர்ப்பவருக்கு ஓராண்டு போகிறது. ஆகவே குச்சிக்குள் இருப்பது நல்ல விந்தா என்று முன்கூட்டியே அறிய முடியுமா என்பது இந்தத் தொழிலின் மையக் கேள்வியாக இருந்துவருகிறது.

கடந்த அரை நூற்றாண்டில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளை ஒருசேரப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. ஆய்வகச் சோதனைகளால் கெட்ட விந்தைக் கண்டு ஒதுக்க முடியும். நல்ல விந்து இதுதான் என்று உறுதிச் சான்று தரும் ஆற்றல் அவற்றுக்கு இன்னும் வரவில்லை. இந்த வேறுபாட்டை விற்பவரும் வாங்குபவரும் மனத்தில் இருத்தினால் பெரும்பாலான ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

காளையிலிருந்து குதிரை ஏன் வேறுபடுகிறது

உறைவிந்தின் வரலாறு 1949-ல் தொடங்குகிறது. இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர் கிளிசரால் கலந்தால் விந்தணு உறைநிலையைத் தாங்கும் என்று காட்டினார்கள். சேவல் விந்தில் தொடங்கிய அந்தக் கண்டுபிடிப்பு சில ஆண்டுகளிலேயே காளைகளுக்கு வந்து பால்மாட்டு வளர்ப்பையே மாற்றியமைத்தது. 1957-ல் கனடாவில் பார்க்கர், காண்டியர் ஆகியோர் பொலிகுதிரையின் விந்தகத்தை ஒட்டிய விந்து நாளத்திலிருந்து எடுத்து உறைய வைத்த அணுக்களால் ஒரு குட்டி பிறந்ததாக அறிவித்தார்கள். இரண்டு இனங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் புறப்பட்டபோதும் குதிரை மிகவும் பின்தங்கிவிட்டது.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. காளைகளைத் தேர்ந்தெடுத்தபோது விந்து உறைவதைத் தாங்குகிறதா என்பதையும் பார்த்தார்கள். தாங்காதவை உறைவிந்து நிலையத்துக்குள் நுழையவே இல்லை. பொலிகுதிரையை ஓட்டம், தாண்டுதல், உடலமைப்பு, வம்சம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பந்தயத்தில் வென்ற குதிரையின் விந்து மோசமாக உறைந்தாலும் அதை யாரும் விட்டுவிடுவதில்லை. ஐந்தில் ஒரு பங்குப் பொலிகுதிரைகளின் விந்து நன்றாக உறையும், ஐந்தில் மூன்று பங்கு சுமாராக உறையும், மீதி ஐந்தில் ஒரு பங்கு உறையவே உறையாது என்ற தோராயக் கணக்கு இத்துறையில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. மேலும், தரோப்ரெட் பந்தயக் குதிரைகளுக்கு உலகம் முழுவதும் நேரடி இணைச்சேர்க்கை மட்டுமே அனுமதி. செயற்கைமுறைக் கருவூட்டலில் பிறந்த குட்டியை வம்சப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. இதனால் பணம் கொழிக்கும் அந்தத் துறையின் ஆராய்ச்சி ஊக்கம் உறைவிந்துக்குக் கிட்டவில்லை. ஐரோப்பாவின் விளையாட்டுக் குதிரை வளர்ப்போரும் அமெரிக்காவின் குவார்ட்டர் குதிரை வளர்ப்போரும்தான் இதை முன்னெடுத்துச் சென்றார்கள்.

உறையும்போது நடப்பது

சோதனைகளைப் புரிந்துகொள்ள, உறையும்போது அணுவுக்கு நேரும் சேதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பொலிகுதிரையிடமிருந்து எடுத்த விந்தைப் பாலும் சர்க்கரையும் கலந்த கரைசலில் நீர்க்கச் செய்து, சுழற்றி, விந்துத் திரவத்தை நீக்குகிறார்கள். பிறகு முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் அல்லது அமைடு வகைப் பொருட்களும் சேர்ந்த உறைகரைசலில் அணுக்களைக் கலந்து, குச்சிகளில் அடைத்து, மெதுவாகக் குளிர்வித்து, நைட்ரஜன் ஆவியில் உறைய வைத்து, கழித்தல் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனுக்குள் இறக்குகிறார்கள்.

ஒவ்வொரு படியிலும் சேதம் உண்டு. ஏறத்தாழ 20 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு வேகமாக இறங்கினால் அணுவின் சவ்வில் உள்ள கொழுப்பு இறுகி ஒழுங்கு குலைகிறது. அணு வட்டமடித்து நீந்தத் தொடங்கும். உறையும் கட்டத்தில் வெளியே முதலில் பனிக்கட்டி உருவாக, மிச்சமிருக்கும் நீரில் உப்பு செறிகிறது. அணுவிலிருந்து நீர் வெளியேறுகிறது. மிக வேகமாக உறைந்தால் உள்ளேயே பனிக்கட்டி முளைத்து அணுவைக் கிழிக்கும். மிக மெதுவாக உறைந்தால் உப்புச் செறிவு கொல்லும். உள்ளே புகுந்து காக்கும் கிளிசராலும் மிகுந்தால் நஞ்சு. சில பொலிகுதிரைகளின் விந்துக்குக் கிளிசரால் ஒத்துவருவதில்லை. அங்கே மெத்தில் ஃபார்மமைடு போன்ற சிறிய மூலக்கூறுகள் உதவுகின்றன. பிரேசிலில் உருவான உறைகரைசல்கள் இந்த வழியில்தான் பெயர் பெற்றன.

ஆகவே இளக்கிய குச்சிக்குள் ஒரே மாதிரியான அணுக்கள் இருப்பதில்லை. செத்தவை, சவ்வு கிழிந்தவை, நீந்தினாலும் சில மணி நேரத்தில் ஓயப்போகிறவை, டிஎன்ஏ சிதைந்தவை, முழுமையாக நலமுள்ளவை என்று பல வகை அங்கே கலந்திருக்கும். அந்தக் கலவையில் முழு நலமுள்ளவை எத்தனை என்று கண்டறிவதுதான் தர மதிப்பீட்டின் வேலை.

எண்ணிக்கை என்ற முதல் படி

ஒரு டோஸில் எத்தனை அணுக்கள் என்ற எளிய கேள்வியில்தான் பல ஆய்வகங்கள் முதலில் தவறுகின்றன. எடுத்தவுடன் உள்ள கலப்பற்ற விந்தை ஒளி ஊடுருவும் அளவைக் கொண்டு எண்ணும் கருவி போதும். பாலும் மஞ்சள் கருவும் கலந்தபின் அந்தக் கருவி பொய் சொல்லும். அப்போது நுண்ணோக்கியின் அடியில் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் எண்ணலாம். ஆனால் எண்ணுபவரின் பொறுமையும் கைத்திறனும் விடையை மாற்றும். டென்மார்க்கில் உருவான நியூக்ளியோகவுண்டர் போன்ற கருவிகள் டிஎன்ஏவைச் சாயமேற்றி எண்ணுவதால் பால் துகள்களால் ஏமாறுவதில்லை. இன்று நல்ல நிலையங்கள் இவற்றையே நம்புகின்றன.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கு காட்டும். விளையாட்டுக் குதிரைகளுக்கான உலக வளர்ப்போர் கூட்டமைப்பு ஒரு டோஸில் குறைந்தது 25 கோடி அணுக்கள் முன்னோக்கி நீந்த வேண்டும், இளக்கியபின் முன்னோக்கி நீந்தும் அணுக்கள் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிரான்சின் அரசுப் பொலிகுதிரை நிலையங்கள் குச்சிக்கு 5 கோடி வீதம் எட்டுக் குச்சிகளில் மொத்தம் 40 கோடி அணுக்களைத் தந்து, அதில் 35 சதவீதம் நீந்தினால் போதும் என்று வைத்தன. அதாவது நீந்துபவை 14 கோடிதான். அப்படி இருந்தும் அங்கே சினை விகிதம் நன்றாகவே இருந்தது. ஏனென்றால் மோசமாக உறைந்த விந்தை அவர்கள் முதலிலேயே கடுமையாகக் கழித்தார்கள், பெட்டைகளையும் நெருங்கிக் கவனித்தார்கள். பிற்காலத்தில் கருப்பைக் கொம்பின் நுனியில் செலுத்தும் முறை வந்தபோது மிகச் சிறிய எண்ணிக்கையும் போதுமானதாயிற்று. ஆகவே 25 கோடி என்பதை இயற்கை வகுத்த எல்லையாகக் கொள்ளக் கூடாது. வாங்குபவருக்கான பாதுகாப்பு விளிம்பு என்றே கொள்ள வேண்டும்.

நகர்வு: எல்லோரும் பார்க்கும் எண்

உறைவிந்தின் தரம் என்றவுடன் எல்லோரும் கேட்பது நகர்வுச் சதவீதம்தான். அளவிடுவது எளிது, செலவு குறைவு, விடை உடனே கிடைக்கும். எனினும் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தடுமாற்றங்களை அறியாமல் அதை நம்பக் கூடாது.

முதலாவது, இளக்கும் முறை. அரை மில்லிக் குச்சிக்கு 37 டிகிரி நீரில் குறைந்தது 30 நொடி என்பது பரவலான வழக்கம். சில கரைசல்களுக்கு 46 டிகிரியில் 20 நொடி. வேறு சிலர் 75 டிகிரியில் 7 நொடி வைத்து உடனே 37-க்கு மாற்றுகிறார்கள். தயாரித்தவர் சொன்ன முறையை மாற்றினால் எண்ணும் மாறும். இரண்டாவது, நீர்ப்பு. அடர்ந்த நிலையில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்புவதால், சூடேற்றிய கரைசலில் மில்லிக்கு ஏறத்தாழ 2.5 கோடி என்ற அளவுக்கு நீர்த்து, சூடேற்றிய மேடையில் பார்க்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடித் துண்டு ஒன்றே நல்ல விந்தைச் செத்த விந்தாகக் காட்டிவிடும்.

மூன்றாவது, கணினி. நுண்ணோக்கியோடு இணைந்து அணுக்களின் பாதையைத் தொடரும் கணினிக் கருவிகள் மனிதக் கண்ணின் சாய்வை நீக்குகின்றன. ஆனால் ‘முன்னோக்கி நீந்தும்’ அணு எது என்பதை ஒரு மனிதர்தான் கருவிக்குச் சொல்லித் தருகிறார். ஓர் ஆய்வகம் நொடிக்கு 50 மைக்ரோமீட்டர் வேகத்தில் கோடு போட்டு, இன்னொன்று 30-ல் போட்டால் ஒரே குச்சிக்கு இரண்டு சான்றிதழ் கிடைக்கும். மஞ்சள் கருத் துகள்களைச் செத்த அணுக்கள் என்று கருவி எண்ணிவிடுவதும் உண்டு.

நான்காவது, வெறும் கணிதம். 200 அணுக்களைப் பார்த்து 35 சதவீதம் என்று எழுதினால், உண்மை அளவு ஏறத்தாழ 28-க்கும் 42-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 33 சதவீதம் காட்டிய விந்தைத் தள்ளிவிட்டு 36 சதவீதம் காட்டியதைக் கொண்டாடுவதில் பொருளில்லை. 15 சதவீதத்தையும் 45 சதவீதத்தையும் பிரித்துப் பார்க்க இந்தச் சோதனை போதும். இடையில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளுக்கு இது கருவியாகாது.

நகர்வைக் கொஞ்சம் கூர்மையாக்கும் எளிய வழி ஒன்று உண்டு. இளக்கிய விந்தை 37 டிகிரியில் வைத்து அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது. உறைந்து மீண்ட அணுக்களின் ஆயுள் பெட்டையின் உடலுக்குள் குறுகியது. எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதை இது முழுமையாகச் சொல்லாவிட்டாலும், உடனே ஓய்ந்துபோகும் விந்தை அடையாளம் காட்டும். சிறு நிலையங்களும் செய்யக்கூடிய இந்தச் சோதனையைப் பலர் விட்டுவிடுவது வருத்தம் தருகிறது.

சவ்வு, அக்ரோசோம், ஆற்றல்

நீந்தாத அணு செத்ததாக இருக்க வேண்டியதில்லை. நீந்தும் அணு கருவுறச் செய்யும் தகுதி பெற்றதாகவும் இருக்க வேண்டியதில்லை. ஆகவே அடுத்த கட்டச் சோதனைகள் அணுவின் உறுப்புகளைப் பார்க்கின்றன.

வெளிச்சவ்வு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க இயோசின்–நிக்ரோசின் சாயம் பழைய வழி: சவ்வு கிழிந்த அணு இளஞ்சிவப்பாகும். ஆனால் கிளிசரால் கலந்த விந்தில் இது தெளிவாக வராது. உப்புச் செறிவு குறைந்த நீரில் விட்டு வால் சுருள்கிறதா என்று பார்ப்பது இன்னொரு எளிய முறை. சவ்வு உயிர்ப்புடன் இருந்தால்தான் நீர் உள்ளே புகுந்து வால் வீங்கிச் சுருளும். இதற்கு நுண்ணோக்கி ஒன்றே போதும்.

வசதியுள்ள இடங்களில் ஃப்ளோ சைட்டோமீட்டர் இந்த வேலையை நிமிடங்களில் செய்கிறது. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் கதிரைக் கடக்க, பச்சையா சிவப்பா என்று கருவி பிரித்து எண்ணும். உயிருள்ள அணுவை ஒரு சாயம் பச்சையாக்கும், கிழிந்த சவ்வின் வழியே மட்டும் புகும் இன்னொன்று சிவப்பாக்கும். நிலக்கடலையிலிருந்து எடுத்த லெக்டின் என்ற புரதத்தில் சாயம் கட்டிச் சேர்த்தால் அணுத்தலையின் மூடியான அக்ரோசோம் திறந்துவிட்டதா என்று தெரியும். முட்டையின் உறையைத் துளைக்கும் நொதிகள் அதற்குள்தான் இருக்கின்றன. உறையும்போதே அது திறந்துவிட்டால் அணு எவ்வளவு வேகமாக நீந்தினாலும் பயனில்லை.

அக்ரோசோம் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு இக்கட்டுரையின் வாதத்துக்கு வலுவான சான்று. தரோப்ரெட் பொலிகுதிரைகளில் சில, நகர்வும் வடிவமும் எண்ணிக்கையும் இயல்பாக இருந்தும் சினை பிடிக்க வைப்பதில் மிகவும் பின்தங்கின. அவற்றின் அணுக்களில் அக்ரோசோம் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. 2012-ல் வெளியான மரபணு ஆய்வு, FKBP6 என்று அடையாளமிடப்படும் மரபணுவை இதோடு தொடர்புபடுத்தியது. வழக்கமான சோதனை எதிலும் தேறிவிடும் அந்தக் குதிரைகள் இணைச்சேர்க்கையில் தோற்றன.

மைட்டோகாண்ட்ரியாவின் கதை இன்னும் வியப்பூட்டுவது. மனித விந்தணுவோ எலியின் விந்தணுவோ ஆற்றலுக்குச் சர்க்கரைச் சிதைவைப் பெரிதும் நம்பும். குதிரையின் விந்தணு மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனை எரித்தே பெரும்பகுதி ஆற்றலைப் பெறுகிறது. 2014-ல் ஆஸ்திரேலியாவில் கிப், எய்ட்கன் குழுவினர் காட்டியது இது: அதிகம் சினை பிடிக்க வைத்த பொலிகுதிரைகளின் அணுக்களில்தான் ஆக்சிஜனால் ஏற்படும் சேதக் குறிகள் மிகுந்திருந்தன. நன்றாக உழைக்கும் அணு கழிவையும் அதிகம் வெளியிடுகிறது. ஆகவே ‘ஆக்சிஜன் சேதம் மிகுதி, விந்து மோசம்’ என்ற எளிய முடிவு குதிரையிடம் செல்லாது. வேறோர் இனத்தில் நல்லது என்று அறிந்த எண்ணைக் குதிரைக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

டிஎன்ஏவும் வடிவமும்

அணு முட்டையை அடைந்தாலும் சுமந்துவந்த டிஎன்ஏ சிதைந்திருந்தால் கரு வளராது. 1980-ல் எவன்சன் குழுவினர் அறிமுகப்படுத்திய சோதனை இதைப் பார்க்கிறது. அமிலத்தில் வைத்துச் சாயமேற்றும்போது உறுதியான இரட்டை இழை பச்சையாகவும் பிரிந்துபோன ஒற்றை இழை சிவப்பாகவும் ஒளிரும். சிவப்பின் பங்கு சேதத்தின் அளவு. பொலிகுதிரைகளில் இந்த அளவு கூடும்போது சினை விகிதம் குறைவதை 1990களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்ய முடியாத குறை இது என்பதால் இந்தச் சோதனைக்குத் தனி மதிப்பு உண்டு. மந்தமாக நீந்தும் அணுக்கள் நிறைந்த விந்தில் குச்சிகளைக் கூட்டினால் ஓரளவு ஈடாகும். டிஎன்ஏ சிதைந்த அணு முட்டைக்குள் புகுந்து அந்த வாய்ப்பையே வீணாக்கிவிடும். குச்சிகள் கூடினால் பயனில்லை.

வடிவச் சோதனையை உறையவைப்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. தலைக் குறை, நடுப்பகுதிக் குறை, வால் மடங்கல் போன்றவை பெரும்பாலும் விந்தகத்தில் உருவாகின்றன. உறைதல் புதிதாகச் சேர்ப்பது சில வால் குறைகளைத்தான். பொலிகுதிரையில் ஓர் அணு உருவாக ஏறத்தாழ 57 நாட்கள் ஆவதால், காய்ச்சல் கண்ட குதிரையின் விந்தை இரண்டு மாதம் கழித்தும் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

நோயற்ற விந்தும் தரம்தான்

திரவ நைட்ரஜன் அணுவைக் காப்பதுபோல் கிருமியையும் காக்கிறது. 1977-ல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட் குதிரைப் பண்ணைகளைத் தாக்கிய தொற்றுக் கருப்பை அழற்சி, டெய்லொரெல்லா என்ற பாக்டீரியாவால் வந்தது. பொலிகுதிரை நோயின் அறிகுறி எதையும் காட்டாமல் அதைச் சுமக்கும். குதிரைத் தமனி அழற்சி வைரஸும் அப்படியே: பொலிகுதிரையின் இனப்பெருக்கச் சுரப்பிகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி விந்தில் வெளியேறும். 2007-ல் பிரான்சின் நார்மண்டியில் இந்நோய் பரவியதில் செயற்கைமுறைக் கருவூட்டலுக்கு அனுப்பிய விந்துக்குப் பங்கிருந்தது. நீந்தும் அணுக்கள் 60 சதவீதம் இருந்தாலும் இந்நோய்களுக்கான சோதனைச் சான்று இல்லாத குச்சி தரமற்றதே. பணத்தை மிச்சப்படுத்த இதை விட்டுக்கொடுப்பவர் தன் பண்ணையை மட்டுமல்ல, அண்டைப் பண்ணைகளையும் பணயம் வைக்கிறார்.

முன்கணிப்பு ஏன் கைகூடவில்லை

இத்தனை சோதனைகள் இருந்தும், 2006-ல் பின்லாந்து ஆய்வாளர்கள் களத்தில் பயன்பட்ட உறைவிந்தைப் பல சோதனைகளுக்கு உட்படுத்தி, நடப்பிலுள்ள ஆய்வக முறைகளால் சினை விகிதத்தை முன்கூட்டிச் சொல்ல இயலாது என்று முடிவு கட்டினார்கள். இதற்கு மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன.

ஒன்று, அணுவுக்கு வேண்டிய தகுதிகள் பல. அத்தனையும் ஒரே அணுவில் சேர்ந்திருக்க வேண்டும். அமான், ஹேமர்ஸ்டெட் இருவரும் 1990களின் தொடக்கத்திலேயே இதை வலியுறுத்தினார்கள். சக்கரம் நன்றாக இருந்து அச்சு முறிந்த வண்டி ஊர் போய்ச் சேராது. 40 சதவீதம் நீந்தி, அவற்றில் 80 சதவீதத்துக்கு அக்ரோசோம் முழுமையாக இருந்து, அவற்றிலும் 80 சதவீதத்துக்கு டிஎன்ஏ நலமாக இருந்தால், எல்லாம் தேறியவை கால் பங்குதான். தனித்தனிச் சோதனை ஒவ்வொன்றும் இந்தக் கூட்டுத் தகுதியின் ஒரு முகத்தை மட்டும் காட்டுகிறது.

இரண்டு, இறுதிச் சோதனையாக அமைந்திருக்க வேண்டிய ஒன்று குதிரையில் நெடுங்காலம் கிட்டவில்லை. மாட்டில் சோதனைக் குழாயில் கருவுறச் செய்து காளையின் விந்தை எடைபோடலாம். குதிரையில் 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் பிறந்த இரண்டு குட்டிகளுக்குப் பின் அந்த வழி அடைந்தே கிடந்தது. 2022-ல்தான் பென்சில்வேனியாவில் ஃபெலிக்ஸ், ஹின்ரிக்ஸ் குழுவினர் அணுக்களை முட்டையோடு சேர்க்குமுன் ஏறத்தாழ 22 மணி நேரம் தனியே வளர்த்து நம்பகமான வழியைத் திறந்தார்கள். இது தரச் சோதனையாக வளருமா என்பது இனி தெரியவரும்.

மூன்று, எதிர்ப்புறத்து அளவுகோலான சினை விகிதமே ஆட்டம் காண்பது. உண்மையில் ஒரு சினைப்பருவச் சுழற்சிக்கு 50 சதவீதம் சினை பிடிக்க வைக்கும் விந்தை 20 சுழற்சிகளில் பயன்படுத்தினால், தற்செயலால் மட்டும் விடை 28-லிருந்து 72 சதவீதம் வரை ஊசலாடலாம். 50 சதவீத விந்தையும் 40 சதவீத விந்தையும் உறுதியாகப் பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 400 சுழற்சிகள் வேண்டும். ஒரு பொலிகுதிரையின் ஒரு தொகுதி விந்து அத்தனை பெட்டைகளைக் காண்பது அரிது. ‘பத்துக்கு எட்டு பிடித்தது’ என்ற விளம்பரத்தையும் ‘மூன்றுக்கு மூன்றும் பிடிக்கவில்லை’ என்ற புகாரையும் இந்தக் கணக்கோடுதான் படிக்க வேண்டும்.

பெட்டையும் நேரமும்

விந்தின் தரம் என்று நாம் எழுதும் எண்ணில் பெட்டையின் பங்கும் மருத்துவரின் பங்கும் கலந்தே இருக்கின்றன. முட்டை வெளிப்படுவதற்கு முன் சுமார் 12 மணி நேரத்துக்குள்ளோ, வெளிப்பட்ட பின் 6 மணி நேரத்துக்குள்ளோ உறைவிந்து உள்ளே இருக்க வேண்டும். இதற்காக ஊசி போட்டு முட்டை வெளிப்படும் நேரத்தை வரையறுத்து, ஸ்கேன் கருவியால் இரவு பகலாகப் பார்க்க வேண்டும். இரண்டு பாதி டோஸ்களைக் குறித்த இரு நேரங்களில் செலுத்துவது அந்த உழைப்பைக் குறைக்கும் வழி. வயது முதிர்ந்த பெட்டையின் கருப்பை உறைவிந்துக்குப் பின் அழற்சித் திரவத்தை வெளியேற்றத் திணறும். நேரம் தவறிய பண்ணையில் மிகச் சிறந்த விந்தும் தோற்கும். ஒரு நிலையம் தரும் சினை விகிதத்தைப் படிக்கும்போது பெட்டைகளின் வயது, குட்டி ஈன்றவையா, எத்தனை சுழற்சிகள் என்ற விவரங்கள் இல்லையென்றால் அந்த எண் பாதி பொருளை இழக்கிறது.

இந்தியச் சூழலும் செய்ய வேண்டியதும்

இந்தியாவில் குதிரை உறைவிந்து வெளிநாட்டு ஆர்வமாக மட்டும் இனி இருக்க முடியாது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012-ல் ஏறத்தாழ 6.25 லட்சமாக இருந்த குதிரைகள் 2019-ல் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. மார்வாரி, கத்தியவாரி, ஜன்ஸ்காரி, ஸ்பிதி, மணிப்புரி போன்ற நாட்டினங்களைக் காக்கும் வழிகளில் உறைவிந்து முதன்மையானது. ஹரியானாவின் ஹிசாரில் 1985-ல் தொடங்கிய தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையமும் அதன் பிகானேர் வளாகமும் இந்த வேலையை முன்னெடுக்கின்றன. 2023 மே மாதம் பிகானேரில் கருமாற்ற முறையில் மார்வாரி இனத்தின் முதல் குட்டி பிறந்து ‘ராஜ்-பிரதமா’ என்று பெயர் பெற்றது. தொழில்நுட்பம் வந்துவிட்டது. அதற்கு ஈடான பதிவுமுறை இனிதான் வர வேண்டும்.

உறைவிந்து வாங்குபவர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. விந்து எடுத்த தேதி குச்சியில் அச்சிட்டிருக்கிறதா? அந்தத் தொகுதியின் குச்சி ஒன்றையே இளக்கிப் பார்த்த நகர்வு எண் என்ன, எந்த முறையில் இளக்கினார்கள், எத்தனை அணுக்களை எண்ணினார்கள்? ஒரு டோஸுக்கு எத்தனை குச்சிகள், அவற்றில் மொத்த அணுக்கள் எத்தனை? ஒரு மணி நேரத்துக்குப் பின் நகர்வு எவ்வளவு? நோய்ச் சோதனைகள் எப்போது நடந்தன? எத்தனை பெட்டைகளில், எத்தனை சுழற்சிகளில், எத்தனை சினை? இவற்றுக்கு விடை தரத் தயங்கும் விற்பனையாளரின் விந்தை வாங்காமலிருப்பதே நல்லது.

வந்திறங்கிய பின் வாங்குபவருக்கும் கடமை உண்டு. ஒரு குச்சியைச் சோதனைக்கென்றே ஒதுக்கி இளக்கிப் பார்ப்பது செலவு அல்ல, காப்பீடு. கொள்கலனில் நைட்ரஜன் அளவைத் தவறாமல் பார்க்க வேண்டும். குச்சிகளை மாற்றும்போது கொள்கலனின் கழுத்துக்கு மேலே சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அரை மில்லிக் குச்சி காற்றில் மிக விரைவாகச் சூடேறும். மீண்டும் குளிரும்போது உள்ளே பனிக்கட்டிகள் பெரிதாகி, நிலையத்தில் நன்றாக இருந்த விந்து நம் கையில் கெட்டுப்போகும்.

நாட்டினங்களைப் பொறுத்தவரை இன்னும் பெரிய வேலை காத்திருக்கிறது. உறைவிந்து தரும் ஒவ்வொரு பொலிகுதிரைக்கும் தொகுதி வாரியாக ஆய்வக எண்களையும் சுழற்சி வாரியாகச் சினை விவரங்களையும் ஒரே படிவத்தில் திரட்டி, வளர்ப்போர் எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். வளர்ப்போர் சங்கங்களும் ஆராய்ச்சி மையமும் கால்நடைப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தால் இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒழுங்கும் நேர்மையும் போதும். சிறிய எண்ணிக்கைகள் ஆண்டுதோறும் சேர்ந்தால்தான் தற்செயலின் ஊசலாட்டம் அடங்கி உண்மை துலங்கும். எந்தப் பொலிகுதிரையின் விந்து எந்தக் கரைசலில் நன்றாக உறைகிறது, எந்த ஆய்வக எண் நம் இனங்களில் சினையோடு ஒத்துப்போகிறது என்ற அறிவு அந்தப் பதிவேட்டிலிருந்துதான் வரும். காளைகளின் உறைவிந்தை இந்திய விவசாயி இன்று நம்பி வாங்குவது பல ஆண்டு விதிகளும் கண்காணிப்பும் பதிவுகளும் உண்டாக்கிய நம்பிக்கையால். குதிரை வளர்ப்பவருக்கும் அந்த நம்பிக்கையைத் தர வேண்டியது நம் கடன்; அதைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துவரும் இனங்களுக்கு ஓர் ஆண்டு இழப்பு.